செப்பேட்டில் உன் பாட்டன் பேர் இல்லை

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தேன். சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஃப்ளெக்ஸ். முறுக்கிய மீசை, தொடை தடிமனுக்குப் புஜம், பின்னால் மீன்கொடி, கையில் எந்தக் காலத்துத் தமிழ் ராஜாவும் தூக்கியிருக்க முடியாத ஓர் ஐரோப்பியக் கத்தி. அதற்கு மேல் 'ஆண்ட பரம்பரை'. கீழே வட்ட வட்டமாகப் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். நாலாவது வட்டத்தில் கூலிங் கிளாஸ் போட்டிருந்தவன் என் அக்கா மகன். காலேஜ் ரெண்டாம் வருஷம்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அந்தப் படத்துல நடுவுல நிக்கறது யாருடா?"

"பாண்டிய மன்னன் மாமா."

"எந்தப் பாண்டியன்?"

கொஞ்சம் யோசித்தான். "நம்ம பாண்டியன்."

இந்தக் கட்டுரை அந்த 'நம்ம'வுக்கு எதிரானது.

என் சாதி எது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மிச்சத்தை நீங்கள் அதை வைத்துத்தான் வாசிப்பீர்கள், எனக்குத் தெரியும். தேனியிலிருந்து கூடலூர் வரை ரோட்டோரம் நிற்கிற எல்லா ஃப்ளெக்ஸுக்கும் இது பொருந்தும். ஒரே பாண்டியனை மூன்று நான்கு சாதிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லாரும் பத்திரம் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், உண்மையான பத்திரம் எங்கள் ஊரிலேயே கிடைத்தது. அதை மட்டும் யாரும் படித்ததில்லை.

சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று வரலாற்றுப் புத்தகங்களில் வரும். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரிய செப்பேடு, முற்காலப் பாண்டியர்களில் கடைசிப் பெரிய அரசனான மாறவர்மன் இராசசிம்மன் தன் பதினாறாம் ஆட்சியாண்டில் கொடுத்தது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். பாதி வடமொழி, கிரந்த எழுத்தில். பாதி தமிழ், வட்டெழுத்தில். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகி நூறு வருஷம் ஆகப்போகிறது. 'பாண்டியர் செப்பேடுகள் பத்து' என்று தமிழிலேயே தனிப் புத்தகமும் இருக்கிறது. பொன்னியின் செல்வன் படம் வந்த 2022லும் 2023லும் பராந்தகனுக்கு யார் மகன், சுந்தர சோழனுக்கு யார் பெரியப்பா என்று வம்ச மரத்தைப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி மனப்பாடம் செய்த நம் ஆட்களில், இராசசிம்மனின் அம்மா பேர் தெரிந்தவர் எத்தனை பேர்? சின்னமனூர்க்காரர்களிலேயே எத்தனை பேர்?

ஊரில் அவன் பேர் இல்லாமல் இல்லை. பூலாநந்தீஸ்வரர் கோயில் தலபுராணத்தில் வருகிறான். ராஜாவுக்குப் பால் கொண்டுபோகிறவன் தினமும் பூலா மரத்து வேரில் தடுக்கி விழுகிறான், வேரை வெட்டினால் ரத்தம் வருகிறது, உள்ளே லிங்கம், ராஜா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறான். நல்ல கதை. சின்ன வயசில் பாட்டி சொல்லிக் கேட்டபோது எனக்குப் பால்காரன்மேல்தான் இரக்கமாக இருந்தது. கதையில் அவனுக்குப் பேர் கிடையாது. இதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குடும்பம். பரம்பரை பரம்பரை என்கிறார்களே, அந்தப் பரம்பரை எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

செப்பேடு தன் முன்னோர் கதையைச் சந்திரனில் ஆரம்பிக்கிறது. குலகுரு அகத்தியர். முன்னோர்களில் ஒருவன் இந்திரனோடு அரியணையில் பாதியும் அவன் ஆரமும் பெற்றவன். இன்னொருவன் இமயத்தில் மீன் பொறித்தவன். மதுரையில் சங்கம் வைத்ததும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் இந்த வம்சம்தான் என்கிறது. தமிழ் இலக்கிய வரலாற்றுக்காரர்கள் விடாமல் எடுத்தாளும் இடம் இது. பிறகு மெல்ல மெல்ல மனுஷர்களிடம் இறங்குகிறது. அங்கேதான் விஷயம்.

இராசசிம்மனின் தாத்தா ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி. இலங்கைமேல் படையெடுத்து, முதலாம் சேனன் காலத்தில் அனுராதபுரத்தைக் கொள்ளையடித்தவன். விகாரைகளிலிருந்து தங்கச் சிலைகளை அள்ளிக்கொண்டு போனதாகச் சூளவம்சம் புலம்புகிறது. பதிலுக்கு இரண்டாம் சேனனின் படை கடல் தாண்டி வந்து மதுரையைப் பிடித்து, போன பொருளை மீட்டுக்கொண்டு போயிற்று. அந்தப் படையோடு வந்தவன் யார் தெரியுமா? ஒரு பாண்டிய இளவரசன். அரியணை எனக்கு வேண்டும் என்று சிங்கள மன்னனிடம் போய் நின்றவன். அவனையே மதுரையில் முடிசூட்டி வைத்துவிட்டுத்தான் போனார்கள் என்கிறது அதே சூளவம்சம். சொந்த வீட்டு ஆள் கூட்டிவந்த படை. பிக்குகள் எழுதியது, அவர்கள் பக்கத்துக் கதை, உண்மைதான். செப்பேடு மட்டும் யார் பக்கத்துக் கதையாம்?

ஸ்ரீமாறனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் இரண்டாம் வரகுணன், பெரிய சிவபக்தன். திருப்புறம்பியத்தில் பல்லவன் அபராஜிதன், கங்கன் பிருதிவீபதி, அப்போதுதான் தலைதூக்கிய சோழன் ஆதித்தன் மூன்று பேரும் சேர்ந்து நின்ற போரில் தோற்றவன். கங்கன் அந்தக் களத்திலேயே செத்தான். லாபம் சோழனுக்கு. வரகுணனுக்குப் பிறகு தம்பி பராந்தக வீரநாராயணன். அவன் மனைவி வானவன்மாதேவி. வானவன் என்றால் சேரன். அதாவது சேர நாட்டுப் பெண். இவர்கள் பிள்ளைதான் இராசசிம்மன்.

ஆக 'தூய பாண்டிய ரத்தத்தில்' பாதி மலைக்கு அந்தப் பக்கத்து ரத்தம். கம்பமெட்டு செக்போஸ்ட்டில் நின்று 'மலையாளத்தான்' என்று பல்லைக் கடிக்கிற தம்பிகள் இதை ஒரு நிமிஷம் மனசில் வைத்துக்கொள்ளட்டும்.

இராசசிம்மன் என்ன செய்தான்? அவன் செப்பேட்டின்படி நிறைய ஜெயித்தான். தஞ்சைக்கோனை நெய்ப்பூரில் தோற்கடித்தான், கொடும்பாளூரில் சண்டை போட்டான், வஞ்சியைக் கொளுத்தினான், தென்தஞ்சைக்கோனை நாவலில் அழித்தான். இதே நேரம் அந்தப் பக்கம், 907இல் ஆட்சிக்கு வந்த முதலாம் பராந்தகச் சோழன், சில வருஷங்களிலேயே தன் கல்வெட்டுகளில் 'மதிரை கொண்ட' என்று போட ஆரம்பித்துவிட்டான். இவன் தஞ்சாவூரை அடித்தேன் என்கிறான், அவன் மதுரையைப் பிடித்தேன் என்கிறான். இரண்டும் ஒரே காலம். செப்பேடு என்பது அந்தக் காலத்து ஃப்ளெக்ஸ். செம்பில் அடித்ததால் வெயிலில் கிழியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய செப்பேடு வெளிவந்து கொஞ்ச காலத்தில் எல்லாம் முடிந்தது. இராசசிம்மன் உதவி கேட்டு இலங்கைக்கு ஆள் அனுப்பினான். ஐந்தாம் கஸ்ஸபன் படை அனுப்பினான். தாத்தா கொள்ளையடித்த நாட்டிலிருந்து பேரனுக்குப் படை வருகிறது, யோசித்துப் பாருங்கள். வெள்ளூரில் பாண்டியப் படையும் ஈழப் படையும் ஒன்றாக நின்று பராந்தகனிடம் தோற்றன. சிங்களத் தளபதி நோயில் செத்துப்போனான். மிச்சப் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டான் கஸ்ஸபன். பராந்தகன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று பட்டத்தை நீட்டிக்கொண்டான். ஈழத்தை அவன் உண்மையில் கொள்ளவில்லை. ஃப்ளெக்ஸ்தானே.

இராசசிம்மன் தப்பி நேரே இலங்கைக்கே போனான். அங்கே அப்போது தப்புலன் அரசன். உதவ அவனுக்கு மனசு இருந்தது. ஆனால் அவன் பிரபுக்களுக்குள்ளேயே அடிதடி. இங்கே உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது என்று பாண்டியனுக்குப் புரிந்துவிட்டது. மணிமுடியையும் குலச் சின்னங்களையும் அங்கேயே வைத்துவிட்டுக் கேரளத்துக்குப் போனான். அவன் அம்மாவின் நாடு. அதற்குப் பிறகு அவனைப்பற்றி எந்தச் சத்தமும் இல்லை.

நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ராஜ்யம் போனபின் ஓர் ஆள் அம்மா வீட்டுக்குப் போகிறான். நம் ஊரில் தொழில் நொடித்துப்போனவன், கடன்காரனுக்குப் பயந்தவன், புருஷனிடம் அடிவாங்கியவள், எல்லாரும் கடைசியில் போகிற இடம். சோழ ரசிகர்களுக்கு இது கேலிக்குரிய விஷயமாக இருக்கலாம். எனக்கு அந்த முழுச் செப்பேட்டிலும் கிடைக்காத ஒரு மனிதன் இந்த ஓட்டத்தில்தான் கிடைக்கிறான்.

முடி மட்டும் அங்கேயே இருந்தது. பராந்தகன் தன் கடைசிக் காலத்தில் அதைத் திருப்பிக் கேட்டான். நான்காம் உதயன் கொடுக்க மறுத்து, முடியைத் தூக்கிக்கொண்டு ரோகண நாட்டுக்குள் ஒளிந்தான். சோழப் படை வெறுங்கையோடு திரும்பியது. அதற்குக் கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழித்து, 1017ஐ ஒட்டி, முதலாம் இராசேந்திரன்தான் அதை எடுத்தான். பாண்டியன் ஈழத்தரசரிடம் விட்டுப்போன முடியும் இந்திர ஆரமும் தன் கைக்கு வந்ததை மெய்க்கீர்த்தியில் பெருமையாகப் போட்டுக்கொண்டான். ஒரு தமிழ் ராஜாவின் முடியை இன்னொரு தமிழ் ராஜாவிடமிருந்து நூறு வருஷம் காப்பாற்றியவர்கள் சிங்கள அரசர்கள். அவர்களும் பாசத்தில் செய்யவில்லை. அடகுப் பொருள் மாதிரி அரசியல் மதிப்பு அதற்கு. ஆனால் 'தமிழ் ரத்தம்', 'இன எதிரி' என்று இன்றைய கணக்கை அன்றைக்குக் கொண்டுபோய்ப் போட்டால் ஒரு வரிகூடக் கூட்டலுக்கு வராது.

இது ஏதோ ஒரு தலைமுறைக் கோளாறும் இல்லை. நாலு நூற்றாண்டு தாண்டிப் பிற்காலப் பாண்டியரில் குலசேகரனைப் பாருங்கள். மதுரை உச்சத்தில் இருந்த காலம். சின்னவன் வீரபாண்டியன்மேல் அப்பா பிரியம் காட்டினார் என்று மூத்தவன் சுந்தரபாண்டியன் அப்பாவையே கொன்றான் என்று பாரசீகர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். 1310. அடுத்த வருஷம் மாலிக் காபூர் மதுரை வாசலில். பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பரம்பரையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ளணும். நல்லது மட்டும் எனக்கு என்றால் எப்படி?

சரி, உண்மையிலேயே பாண்டிய வழி என்று சொல்லிக்கொள்கிற அரச குடும்பம் எங்காவது இருக்கிறதா? இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே மலை ஏறி இறங்கினால் பூஞ்ஞாறு. மதுரையில் நடந்த சண்டையில் தோற்றுக் கிளம்பிய மானவிக்கிரம குலசேகரப் பாண்டியன் கூடலூர்ப் பக்கம் தங்கி, பிறகு மலை கடந்து போய் உருவாக்கியது தங்கள் வம்சம் என்பது அவர்கள் குடும்ப மரபு. 1877 ஜூலையில் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக்கொடுத்தது அந்தக் குடும்பத்து கேரளவர்மா ராஜாதான். இன்றைக்கு மூணாறு டீத்தூளாக நம் வீட்டு டம்ளரில் கொதிப்பது அந்த மலை. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போனவர்கள் தமிழர்கள். இப்போதும் விடியக் காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலக்காட்டுக்குக் கிளம்புகிற பெண்களைக் கேளுங்கள், ஆண்ட பரம்பரைக்கு எவ்வளவு கூலி என்று.

பாண்டியன் பேரன் என்கிறவர்கள் மலையாளம் பேசுகிறார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த மலையில் நம் சனம் கூலி வேலை பார்த்தது. இதற்குமேல் அந்த ஃப்ளெக்ஸுக்கு என்ன பதில் வேண்டும்?

ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். அந்தப் பெரிய செப்பேடு எதற்காக எழுதப்பட்டது? சந்திரன், இந்திரன், சங்கம், போர் எல்லாம் முன்னுரை. விஷயம் கடைசியில் வருகிறது. நற்செய்கைப்புத்தூர் என்று ஓர் ஊர். அதற்கு மந்தரகௌரவமங்கலம் என்று தன் பட்டப்பெயரைச் சூட்டி, ஒரு பிராமணருக்குப் பிரமதேயமாக ராஜா கொடுக்கிறான். அளநாடு என்று அப்போது பேர் இருந்த எங்கள் பக்கத்து விவகாரம். ஓர் ஊருக்கு இருந்த பேர் ஒரே நாளில் போயிற்று. அங்கே உழுதவனுக்கு, நாற்று நட்டவளுக்கு, மாடு மேய்த்தவனுக்கு மறுநாள் காலையில் என்ன ஆயிற்று? வேலை அதேதான், நெல் போகிற வாசல் மட்டும் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராஜா ஒருத்தன். தானம் வாங்கினவர் ஒருத்தர். ஓலை எழுதிய அதிகாரிகள் சில பேர். மிச்ச அத்தனை பேரும் யார்? நீயும் நானும் யாருடைய பேரப்பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம்? பூலா வேரில் தடுக்கி விழுந்தானே பேர் இல்லாத பால்காரன், அவனை ஏன் எந்த ஃப்ளெக்ஸிலும் போடமாட்டேன் என்கிறோம்? நாம் ஆளப்பட்ட பரம்பரை. அதைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. நண்பர் ஒருவரே கேட்டார். "உனக்கென்னப்பா, ஈஸியா சொல்லிட்ட. எங்க தெருவுக்குள்ள செருப்புப் போட்டு நடக்கக்கூடாதுன்னு சொன்ன காலத்த எங்கப்பா பாத்துருக்காரு. எங்களுக்கும் ஒரு ராஜா இருந்தான்னு சொல்றதுல என்ன தப்பு?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மிதிபட்டவன் நிமிர்ந்து நிற்க ஒரு கம்பு தேடுவதும், ஏற்கெனவே மேலே நிற்கிறவன் அதே கம்பைக் கீழே இருப்பவன் தலையில் இறக்குவதும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற நடுநிலை எனக்கு வேண்டாம். ஆனாலும் அவரிடம் சொன்னேன்: ராஜா என்கிற அந்தக் கம்பு எப்போதும் மேலே நிற்பவன் கைக்குத்தான் வாகாக இருக்கும் அண்ணே. ஊரைப் பிரமதேயமாக எழுதிக்கொடுத்தவனிடம் போய் மரியாதையைக் கடன் கேட்கணுமா? அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1989இல் போடியில் நடந்தது எங்கள் வயசுக்காரர்களுக்குத் தெரியும். உயிர் போனது, குடிசை எரிந்தது, பள்ளத்தாக்கு முழுக்க மாசக்கணக்கில் பஸ்ஸில் பேசக்கூடப் பயந்தார்கள். அக்கா மகன் பிறப்பதற்கு ரொம்ப முன்னால். அவனுக்கு 'ஆண்ட பரம்பரை' ஒரு ஸ்டேட்டஸ், ஒரு பாட்டு, ஒரு ரீல்ஸ். அதைத் தெருவில் எதிர்வீட்டுக்காரன் வேறு மாதிரி வாசிக்கிறான். 'ஆண்ட' என்று எழுதும்போது 'உன்னை' என்ற சொல் எழுதாமலேயே அங்கே இருக்கிறது.

எங்கள் பக்கம் வந்தால் கவனியுங்கள். டீக்கடையில், வயல் மோட்டார் ரூமில், கல்யாணப் பத்திரிகையில்கூட ஒரு வெள்ளைக்காரர் படம் இருக்கும். பென்னிகுயிக். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடின தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர். ஜனவரி 15இல் அவர் பிறந்தநாளுக்கு லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள். அவர் காலனி அரசின் எஞ்சினியர், அணை சர்க்காருக்கு வரி வருமானம், இதெல்லாம் தெரிந்ததுதான், பேசவேண்டியதுதான். ஆனால் அவரை எங்கள் சாதி என்று இதுவரை யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை. அதனாலேயே அவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்.

அக்கா மகனைத் திட்டி எதுவும் ஆகப்போவதில்லை என்று, ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் பைக்கிலேயே உத்தமபாளையம் கூட்டிப்போனேன். கருப்பணசாமி கோயில் பாறை. திருக்குணகிரி என்று பழைய பேர். பாறை முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. திருக்குணகிரித் தேவருக்கு விளக்கு எரிக்கக் காசு கொடுத்த செய்தியெல்லாம் அங்கே உண்டு. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. இராசசிம்மன் வீட்டுக் காலம்தான். அவன் விரலை வைத்து எழுத்தைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவன் இதில் எந்தச் சாதி மாமா என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் சின்னமனூர் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி, இராசசிம்மன் கதை முழுசும் சொன்னேன். முடியை விட்டுவிட்டு அம்மா ஊருக்குப் போனது வரைக்கும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

இந்தத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் போன் பண்ணினான். ஃப்ளெக்ஸுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வசூலாம்.

"மாமா, இந்தத் தடவ கத்தி வேணாம், ராஜசிம்மன் பேரப் போடலாம், நம்ம ஊர்ச் செப்பேட்டு ராஜான்னு பசங்ககிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கதையக் கேட்டாங்க. அப்புறம் தோத்துப்போன ராஜாலாம் வேணாம்னுட்டாங்க."

"நீ காசு குடுத்தியா?"

"இன்னும் குடுக்கல மாமா," என்றான்.